நோயாளி வேஷம்

"உனக்கு எதுக்குடி இந்தக் கதையெல்லாம்? ஊர்லேர்ந்து வந்தோமா, நாலு இடம் பாத்தோமா, வளையல் வாங்கினோமான்னு இல்லாம பெரியம்மா வாயைக் கிண்டிக்கிட்டு உக்காந்திருக்கே. இதுக்குத்தான் உங்கம்மா உன்னை ரயிலேத்தி விட்டாளா?"

என் தங்கை மகளை இப்படித் திட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். திட்டினால் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. செல்போனைப் பதிவுக்கு வைத்துவிட்டு முறுக்குத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் சொல்வதை எழுதப் போகிறாளாம். எழுதட்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் பேச்சை அப்படியே போட்டால் அச்சுக்காரன் ஓடிவிடுவான், அதற்குக் கொஞ்சம் சட்டை போட்டு, தலை சீவி அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். யார் பெயரும் வரக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். பெயர் வந்தால் என் பேத்தி என்னோடு பேச மாட்டாள். இப்போதே அதிகம் பேசுவதில்லை.

நாங்கள் தெலுங்கு பேசுகிற ஊரில், மல்காஜ்கிரியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்தவர், திரும்பிப் போகலாம் போகலாம் என்று சொல்லியே இங்கே காலத்தை முடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மகனுக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. பாறைகளை வெடிவைத்து உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்களாக எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காக்காரன் கண் விழிக்கும் நேரத்துக்கு இவன் ஆபீஸில் இருக்க வேண்டும். மருமகள் பாங்கில். அடுப்படி எனக்கு. அதை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போகிற மாதிரி என்னிடம் வந்துவிட்டது.

பேத்தி ஒருத்திதான். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். இன்னொரு தோசை போடட்டுமா என்றால் இந்த ஊர் உருதுவில் "நக்கோ பாட்டி" என்பாள், வேண்டாமாம். அவள் தமிழ் பேசவில்லையே என்று என் மகனுக்கு வருத்தம். எனக்கு இல்லை. புரிந்துகொள்கிறாளே, போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

அவள் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே பரீட்சை வைக்கும் முறையை மாற்றினார்கள். பேப்பரில் எழுதுகிற பரீட்சை ஒரு பக்கம் இருந்தது. அது தவிர, வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். மணி அடித்தால் பிள்ளைகள் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஒரு அறையில் மூச்சு விடுகிற ரப்பர் பொம்மை இருக்கும். ஒன்றில் ஊசி குத்திப் பழக வெறும் கை மட்டும் இருக்கும். ஒரு அறையில் நோயாளி மாதிரி நடிக்க நிஜ மனுஷர் வேண்டும். நிஜ நோயாளியை வைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்வாராம், நடுவில் அழுவாராம், பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாராம். பொய் நோயாளிதான் ஒரே மாதிரி சொல்வார்.

எங்கள் பாட்டி நன்றாக வேஷம் கட்டுவார் என்று பேத்திதான் கல்லூரியில் போய்ச் சொன்னாள். அது உண்மை. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் தொப்பையை முன்னே விட்டு நடப்பதை நான் நடந்து காட்டினால் மாடிப்படியெல்லாம் சிரிப்பார்கள். என் மருமகள் தன் மேனேஜரோடு போனில் பேசுவதையும் செய்வேன், ஆனால் அதற்குக் கதவைச் சாத்த வேண்டும்.

கல்லூரியில் ஒரு டாக்டரம்மா எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கொடுத்த நோய் சர்க்கரை. ஆனால் சர்க்கரை இருப்பது எனக்கே தெரியாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை உள்ளே வந்து என்ன செய்கிறது என்று கேட்டால், "நீரசங்கா உந்தி பாபு" என்று சொல்ல வேண்டும். அசதியைத் தெலுங்கில் அப்படிச் சொல்வார்கள். அப்புறம் தாகம் எடுக்கிறதா என்று கேட்டால் ஆமாம். அடிக்கடி எழுந்து போகிறீர்களா என்றால் ஆமாம். இளைத்துவிட்டீர்களா என்றால் ஆமாம், ரவிக்கை எல்லாம் தொளதொள. மற்றது எதைக் கேட்டாலும் இல்லை. கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காததை வாய் தவறியும் சொல்லக் கூடாது. இதுதான் பெரிய விதி, இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா என்று டாக்டரம்மா கவலைப்பட்டார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதே வேலைதான், இங்கேதான் அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றேன். அவர் சிரித்தார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று முறை போய் நடித்தேன். நல்ல வேடிக்கைதான். பிள்ளைகள் பயந்துபோய் வருவார்கள். மூலையில் ஒரு பெரிய டாக்டர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். கேள்வி என்னிடம் வரும், கண் அந்தப் பேனாவிடம் போகும். ஆறுதலாகப் பேசினால் ஒரு மார்க் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, ஒருத்தி நான் என் வயதைச் சொன்னதுமே ஐயாம் வெரி சாரி அம்மா என்றாள். இன்னொருவன் புருஷன் இருக்கிறாரா என்று கேட்டான். போய்விட்டார் பாபு என்றேன். "குட், குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். அன்று வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து, உங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான் சொன்னார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

பக்கத்து அறைப் பொம்மைக்கு என்னைவிட மரியாதை அதிகம். அவனுக்கு ஏசி உண்டு. பரீட்சை முடிந்ததும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, துணி போர்த்தி வைப்பார்கள். தப்பாக அமுக்கினால் அவன் பீப் பீப் என்று கத்துவான், உடனே ஓடி வருவார்கள். எனக்குக் கத்த அனுமதி இல்லை.

பேத்தி கடைசி வருஷத்துக்கு வந்தாள். கல்லூரி வைக்கிற இந்தப் பரீட்சையில் தேறினால்தான் பல்கலைக்கழகத்தின் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். அதிலும் நோயாளியோடு பேசுகிற அறை முக்கியம். அங்கே தவறினால் மற்ற அறைகளில் எவ்வளவு வாங்கினாலும் செல்லாது, அடுத்த தடவைதான். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஒன்றாக ஹவுஸ் சர்ஜன் ஆகி, ஒரே ஆஸ்பத்திரியில் சேர்வதாகப் பேசி வைத்திருந்தார்கள். இவள் மட்டும் பின்தங்கிவிட்டால் அரை வருஷம் தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மருமகள் இப்போதே சொந்தக்காரர்களிடம் "எங்க வீட்டு டாக்டர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பேத்தி சாப்பிடுவதே குறைந்துபோனது. புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் பரீட்சைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர் என்பதால் பேத்தியை என் அறைக்கு அனுப்ப மாட்டார்கள், வேறு வரிசை என்றார்கள். அந்த வரிசையில் அதே சர்க்கரைக்கு லோத்குண்டாவிலிருந்து ஒரு பட்டாளத்துத் தாத்தா வருவார். பேத்தி முதல் நாளே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், தாழ்வாரத்தில் பார்த்தால் சிரிக்கக் கூடாது, சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாது. நான் யார் நீ யார் என்று இருக்கிறேன் என்றேன். அன்று பேப்பர் பரீட்சை. அதை நன்றாக எழுதியிருந்தாள், முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

மறுநாள் காலை அந்தத் தாத்தா, நோயாளிகளுக்கென்று கொடுத்த வடையை எங்கள் பங்கும் சேர்த்துத் தின்றார். பட்டாளத்து வயிறு, எதையும் தாங்கும் என்று சொல்லிச் சொல்லித் தின்றார். பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு நிஜ நோயே வந்துவிட்டது. போனவர் கழிப்பறையை விட்டு வரவில்லை. அவர் வரிசைப் பிள்ளைகளையும் என் அறைக்கே திருப்பிவிட்டார்கள். யார் யாருக்குச் சொந்தம் என்று அந்த அவசரத்தில் பார்க்க ஆள் இல்லை. என் அறை மூலையில் இருந்தவர் வெளிக் கல்லூரியிலிருந்து வந்த வயசான டாக்டர். அவருக்கு எங்களைத் தெரியாது.

மணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டு என் பேத்தி உள்ளே வந்தாள்.

என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். முகம் வெளிறியது. சொல்லிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று அவள் கண்ணால் சொன்னாள். சொன்னால் அறையை விட்டு வெளியே போக வேண்டும், நேரம் போகும், அப்புறம் எப்போது கூப்பிடுவார்களோ. நமஸ்காரம் அம்மா என்று கைகூப்பினாள். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டாள். வீட்டில் அவளுக்கு நான் "நீ". அன்று "மீரு" என்று மரியாதையாகப் பேசினாள். கேட்கப் புதிதாக இருந்தது.

"ஏமைந்தம்மா, செப்பண்டி" என்றாள். என்ன ஆச்சு, சொல்லுங்கள் என்று.

காலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகளிடம் நீரசம் நீரசம் என்று கிளிப்பிள்ளையாகச் சொல்லியிருந்தேன். இவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வீட்டுக்குப் போய்விட்டது. தினம் சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலில் வந்து உட்காரும்போது அவளிடம் என்ன சொல்வேனோ, அது வந்துவிட்டது.

"ஆயாசங்கா உந்தம்மா" என்றேன்.

உந்தி என்ற வால் தெலுங்கு. தலை எங்கள் வீட்டுத் தமிழ். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அசதியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தேன். அதைத்தானே சொல்லச் சொன்னார்கள்.

அவள் முகம் தெளிந்தது. பாடம் தெரிந்துவிட்ட முகம். எவ்வளவு நாளாக என்றாள். மாடிப்படி ஏறினால் அதிகமாகிறதா. மல்லாந்து படுத்தால் வருகிறதா. தலைக்கு எத்தனை தலையணை வைக்கிறீர்கள். தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது உண்டா. இருமல், நெஞ்சு வலி, படபடப்பு. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். இவள் ஏன் மூச்சையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தாகமும், எழுந்து போவதும், தொளதொள ரவிக்கையும் என் வாய்க்குள் வரிசை கட்டி நின்றன. கேட்டால்தானே வெளியே விடலாம். உதட்டை நக்கிக் காட்டினேன். மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலையே உற்றுப் பார்த்தேன். மூலையில் இருந்தவர் கனைத்தார். இவள் பார்க்கவில்லை. இவள் கண்ணும் மற்றப் பிள்ளைகள் மாதிரி அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் கால் வீங்குமா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நாற்காலியை விட்டு இறங்கி, என் காலடியில் உட்கார்ந்து, புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலால் கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். குளிர்ந்த கை. வலிக்கிறதா அம்மா என்றாள். வலிக்கவில்லை. அது நடிப்பு அறை, நான் பொய் நோயாளி, அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த விரல் காலில் இருந்தவரை எனக்குச் சுகமாக இருந்தது. மணி அடித்தது. நன்றி அம்மா என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஒவ்வொரு பிள்ளையும் போனபின் பொய் நோயாளியும் ஒரு மார்க் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்காக மூன்று முகம் போட்ட அட்டை கொடுத்திருந்தார்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், உதட்டைப் பிதுக்கின முகம். இந்த டாக்டரிடம் மறுபடி வருவீர்களா என்பதற்கு அதில் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். நான் சிரிக்கிற முகத்தைத் தொட்டேன். பேத்தி என்பதற்காக இல்லை. அந்தக் கணுக்காலுக்காக.

வீட்டுக்கு வந்து அவளுக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்குப் பொடிமாஸ் செய்து வைத்தேன். அவள் வந்தாள். பையைச் சோபாவில் எறிந்தாள். மறுபடி எழுத வேண்டியவர்கள் பெயரை அன்றைக்கே படித்துவிட்டார்களாம். இவள் பெயர் இருந்தது. அவள் பேசினது தெலுங்கில், நான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

"ஏன் பாட்டி ஆயாசம் சொன்னே? நீரசம்னுதானே சொல்லணும்?"

"ரெண்டும் ஒண்ணுதானேடி."

"ஒண்ணா? ஆயாசம்னா மூச்சு வாங்கறது."

"யாருடி சொன்னா? ஆயாசம்னா அலுப்பு. உடம்பு அசந்து போறது."

"உங்க ஊர்ல. இங்க யாரைக் கேட்டாலும் மூச்சு வாங்கறதுதான். காலேஜ்ல, ஆஸ்பத்திரில, எல்லா பேஷண்டும் மூச்சு வாங்கினாத்தான் ஆயாசம்பாங்க."

இந்த ஊரில் இத்தனை காலம் குப்பை கொட்டியும் எனக்கு அது தெரியாது. என் தெலுங்கு காய்கறி வாங்குகிற தெலுங்கு. தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் மூச்சு வாங்குவதில்லை.

அவள் அழுதுகொண்டே மீதியையும் சொன்னாள். அந்த வயசான டாக்டரிடம் போய், நோயாளி வார்த்தையை மாற்றிவிட்டார், தப்பு என்னுடையது இல்லை என்று வாதாடியிருக்கிறாள். அவர் ஒத்துக்கொண்டாராம், மாற்றித்தான் சொன்னார், நானும் கேட்டேன் என்று. ஆனால் மூச்சு வாங்குகிறது என்று ஒருத்தர் சொன்னால் முதலில் அவர் மூச்சு விடுவதைப் பார்க்க வேண்டாமா, அந்த அம்மா உன் எதிரே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாரே, அவர் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தாயா என்று கேட்டாராம். ஆயாசம் என்று எதைச் சொல்கிறீர்கள் அம்மா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தேறியிருப்பாய் என்றாராம். இதில் கொடுமை, முதல் நாள் பேப்பரில் இதே சர்க்கரைக்காரி வந்திருக்கிறாள். அறுபது வயசுப் பெண், அசதி, தாகம், உடல் மெலிவு, என்ன நோய் என்று. கண் மூடித் திறப்பதற்குள் விடையைப் போட்டுவிட்டாளாம். காகிதத்தில் இருந்த கிழவியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் அழட்டும் என்று தட்டை எடுத்து வைத்தேன். வைக்கும்போதே எனக்குள் வேறொன்று கிளம்பியது. கேட்காமல் விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஏண்டி, தெனம் சாயங்காலம் இங்க உக்காந்து நான் ஆயாசமா இருக்கும்பேனே. அப்ப நீ என்னன்னு நெனச்சுப்பே?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "மூச்சு வாங்குதுன்னுதான்."

"எப்போலேர்ந்து?"

"சின்ன வயசிலேர்ந்தே."

அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீ எப்பவும் சொல்லுவியே பாட்டி" என்றாள்.

ஆக, அவள் ஃபிராக் போட்ட நாளிலிருந்து அவள் கணக்கில் நான் மூச்சு முட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கிழவி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, இவள் வாய்ப்பாடு படித்திருக்கிறாள். நுழைவுத் தேர்வுக்குப் படித்திருக்கிறாள். நுரையீரல் படத்துக்குக் கலர் பென்சிலால் வர்ணம் அடித்திருக்கிறாள், அந்தப் பென்சிலைச் சீவிக் கொடுத்தது நான்தான். தலையைத் தூக்கவில்லை. காலையில் மட்டும், பேனா ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்ததால், தலையணை எத்தனை என்று கேட்டாள்.

சாப்பிட வா, பொடிமாஸ் ஆறுகிறது என்றேன். வந்து சாப்பிட்டாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

மகன் வந்ததும் விஷயம் தெரிந்தது. "உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல வேஷமெல்லாம்?" என்றான். மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, போனில் அவள் அக்காவிடம் சொன்னாள், வீட்டுப் பெரியவர்களாலேயே பெண்ணுக்கு அரை வருஷம் போச்சு என்று. மகனை நான் தனியாகக் கேட்கவில்லை. அவனுக்குத் தமிழ் நன்றாக வரும். ஆயாசம் என்றால் அலுப்பு என்று அவனுக்குச் சரியாகவே தெரியும். பேத்திக்காவது தெலுங்கைக் காரணம் சொல்லலாம்.

அன்றிலிருந்து நான் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டேன். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து சும்மா உட்கார்ந்துகொள்வேன். ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நாள் ஆசையாகக் காத்திருந்தேன். டிவியில் விளம்பரம் ஓடும். அவ்வளவுதான்.

ஒரு நாள் பேத்தி வந்து என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற அளவுக்குக் கிட்ட. என் கண்ணையே பார்த்தாள்.

"பாட்டி, ஆயாசம்னா உனக்கு எப்படி இருக்கும்? சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். முதுகுத் தண்டில் ஆரம்பிக்கும், கால் பாறாங்கல்லாகிவிடும், சாப்பாட்டைப் பார்த்தால் பிசைகிற வேலை இருக்கிறதே என்று தோன்றும், படுத்தாலும் போகாது என்று சொல்லிக்கொண்டே போனேன். உங்கள் தாத்தா போனபின் அது அதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் மடியில் இருந்த செல்போன் கிணிகிணி என்று அடித்தது. நேரம் வைத்திருக்கிறாள். மறு பரீட்சைக்குப் பழகுகிறாள். கண்ணைப் பார்த்துக் கேட்டால் மார்க், வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் மார்க் என்று இப்போது தெரிந்துகொண்டாள் இல்லையா. தேங்க்ஸ் பாட்டி என்று சொல்லிவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நல்ல பிள்ளை, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிடுவாள்.

அடுத்த தடவை தேறினாள். கல்லூரியில் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

அது பிந்தி நடந்தது. அதற்கு முன்னால், கூடப் படித்த பிள்ளைகள் பெரிய பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், இவள் மட்டும் பகலில் வீட்டில் இருப்பது அக்கம்பக்கத்தில் தெரிந்துபோனது. எங்கள் கட்டடத்தில் மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் விடுகிற நாளில் எல்லாரும் கீழே குழாயடியில் குடத்தோடு நிற்பார்கள். தண்ணீர் வருவதற்குள் ஊர்க்கதை வந்துவிடும். கீழ் வீட்டு அம்மாவும், மேல் மாடி டீச்சரம்மாவும் என்னை நடுவில் விட்டுக்கொண்டார்கள். பாட்டியம்மா என்கிற மரியாதையில் மாம்மகாரு, உங்கள் பேத்திக்கு உடம்பு சரியில்லையா, காலேஜுக்குப் போகவில்லையே என்று சர்க்கரைப் பாகு மாதிரி ஆரம்பித்தார்கள். ஏதோ ஃபெயில் என்று பேசிக்கொள்கிறார்களே, அப்படி இருக்காது என்று நாங்கள் சொன்னோம் என்றார்கள்.

மாடியில் எங்கள் ஜன்னல் திறந்திருந்தது. பேத்தி ஜன்னலோரம்தான் உட்கார்ந்து படிப்பாள். நான் குடத்தைக் கீழே வைத்தேன். தெலுங்கில், அவர்கள் ஊர் அர்த்தத்தில், அவளுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். பரீட்சை நடுவில் எனக்கு நிஜமாகவே ஆயாசம் வந்துவிட்டது, மூச்சு முட்டிக் கண் செருகிவிட்டது என்றேன். பேத்தி அதைப் பார்த்ததும் பரீட்சையாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், மணி அடித்தார்கள், எழுந்திருக்கவில்லை, பெரிய டாக்டர் அதட்டினார், அப்போதும் என் கையை விடவில்லை, அதனால்தான் மார்க் போய்விட்டது என்றேன். டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் யாருக்கு அமையும் இப்படி ஒரு பிள்ளை என்றார் கீழ் வீட்டு அம்மா. இப்போது எப்படி இருக்கிறது மாம்மகாரு, மூச்சு சரியாகிவிட்டதா என்று கேட்டார்கள்.

இப்போது பரவாயில்லை, வீட்டில் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னேன்.